பள்ளங்கிச் சரிவில் ஒரு வீடு காலியாகிறது

மலைக்குப் போய் நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்ற யோசனை என்னுடையது அல்ல, என் கணவர் தனபாலுடையது. மதுரையில் ஒரு பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊராரின் டிரங்க் கால்களை இணைத்துவிட்டு, நாள் முழுவதும் பிறர் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை.

போன வருடம் மாணவர்களைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோதுதான் அவர் அந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். பள்ளங்கிக்குக் கீழே, பாழாய்க் கிடந்த ஒரு பழைய ஆரஞ்சுத் தோட்டத்தைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கியிருக்கிறார்களாம். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்கிறார்களாம். மின்சாரம் கிடையாது. முதலாளி கிடையாது. எதையும் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்களாம். அதை ‘ஊற்றுத் தோட்டம்’ என்று சொல்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால், அங்கே ஊற்றுத் தண்ணீர் என்பார். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அங்கே கேப்பை அவர்களே அரைக்கிறார்கள் என்பார். கடைசியில் நானே சொன்னேன், மே மாத விடுமுறையில் ஒரு வாரம் போய் இருந்து பார்த்துவிட்டு வருவோம் என்று. என் கணக்கு வேறு. நேரில் பார்த்தால் மனிதருக்குத் தெளிந்துவிடும், அதோடு இந்தப் பேச்சு ஒழியும். மகளைத் திண்டுக்கல்லில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வத்தலகுண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பஸ் திணறியது. பாதி மலையில் ஒரு வளைவில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்ப, டிரைவர் ஓரங்கட்டிவிட்டார். கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடை தேடிப் போனார். பயணிகள் இறங்கிப் பாறைகளில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மாள் கணவரிடம் ஆங்கிலத்தில், இந்த ஜனங்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை, ஒருவர்கூடக் கோபப்படவில்லை பார் என்று வியந்துகொண்டிருந்தார். அதே நேரத்தில் எனக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்கு வியாபாரி, டிரைவரின் பரம்பரையையே மெல்லிய குரலில் ஏசிக்கொண்டிருந்தார். முகத்தில் மட்டும் ஒரு சாந்தம்.

அந்தத் தாமதத்தில், அட்டுவம்பட்டியிலிருந்து பள்ளங்கிக்குப் போகும் ஜீப்பைத் தவறவிட்டோம். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, முட்டைக்கோஸ் வாடையோடு, குளிரில் பல் கிட்டிக்கப் போனோம். மதுரையில் அன்று காலைதான் வெக்கை தாங்காமல் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். பள்ளங்கியில் இறங்கி, படி படியாக வெட்டிய பூண்டு வயல்களின் வரப்பில் நடந்து கீழே போனால், சரிவில் ஓட்டுவீடுகள் தெரிந்தன. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், பழனிச் சமவெளி.

எங்களை எதிர்கொண்டவர் பாக்கியம் அக்கா. ஐம்பது வயதிருக்கும். கறுத்து, குட்டையாக, ஆண்கள் போடுகிற கம்பளிக்கோட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். ஊற்றுத் தோட்டத்தில் மாதம் ஒருவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் இருப்பவரை மணியம் என்கிறார்கள். அந்த மாத மணியம் பாக்கியம் அக்காதான்.

தங்குவதற்கு அவர் காட்டிய வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். ஆபிரகாம், அவருடைய மனைவி ஸ்டெல்லா. கூடத்தில் பெட்டிகளும் கட்டிய பாத்திர மூட்டைகளுமாகக் கிடந்தன. அவர்கள் அந்த வாரக் கடைசியில் தோட்டத்தை விட்டே போகிறார்கள் என்று பாக்கியம் அக்கா எங்கள் முன்னாலேயே, மறைக்காமல் சொன்னார். நாங்கள் வருவதாக முடிவானால் இந்த வீடுதான் எங்களுக்கு. என் கணவரின் முகம் சற்றே மாறியது. எனக்கோ உள்ளூர ஒரு குதூகலம். இருந்து பார்த்தவர்களே மூட்டை கட்டுகிறார்கள், இதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் விடிந்ததும் எழுந்து, மணியடிக்குமா என்று காத்திருந்தேன். இத்தனை பேரை வேலைக்குக் கூட்ட ஏதாவது சத்தம் வேண்டுமே. ஒன்றுமில்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து சமையல்கட்டின் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கருப்பட்டி போட்ட காப்பி, அவர்கள் தோட்டத்துக் கொட்டையிலேயே வறுத்து இடித்தது. மணி கிடையாதா என்று கேட்டேன்.

“தேயிலத் தோட்டத்துல வெள்ளனே தப்படிச்சு எழுப்புவாங்கம்மா. லயத்து வீட்டு வரிசையில அந்தச் சத்தம் கேட்டா ஈரக்கொலை நடுங்கும்” என்றார் பாக்கியம் அக்கா. “இங்க மணி மாட்டணும்னாங்க. நான் வேணாம்னுட்டேன். பசிச்சா மாடு கத்தும், அது போதும்.”

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலையில் கேப்பைக் கூழ், மோர், அடுப்புக்கு மேல் புகையில் தொங்குகிற பூண்டுக் கொத்திலிருந்து பிய்த்துச் சுட்ட பூண்டு. மதியம் பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. சாயங்காலம் மரத்திலிருந்து அப்போதே பறித்த பிளம்ஸ், புளிப்பில் கண் கூசும். அரிசி மட்டும் அவர்களுடையது அல்ல. கீழே பாலசமுத்திரத்து விவசாயி ஒருவர் குதிரையில் ஏற்றி அனுப்புவார், பதிலுக்குப் பூண்டும் காப்பிக்கொட்டையும் இறங்கும். உப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் வெளியிலிருந்து வாங்குவதுதான். எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம் என்று யாரும் பெருமை பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

என் கணவர் முதல் நாள் பூண்டு வயலில் களை கொத்தப் போனார். மதியத்துக்குள் இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். எனக்கு மாட்டுத்தொழுவமும் சமையல்கட்டும். சாயங்காலம் எல்லோரும் கூடிப் பேசுகிற நேரத்தில் அவர் எழுந்து, சாண எரிவாயு பற்றியும், மண்ணின் கார அமிலத் தன்மை பற்றியும் அழகாகப் பேசினார். உண்மையிலேயே நன்றாகப் பேசினார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் பாக்கியம் அக்கா, நல்ல யோசனை, வந்தால் நீங்களே கூட இருந்து கட்டுங்கள் என்று சொல்லி, அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அடுத்த பேச்சு, பீன்ஸ் கொடியை மேய்ந்துவிட்டுப் போன காட்டுமாடு பற்றியது. அதில் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது.

ஸ்டெல்லாவிடம் நான் பேச்சுக் கொடுத்தது மூன்றாம் நாள், இருவரும் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. கொடைக்கானல் டவுனில் வளர்ந்தவர், மிஷன் பள்ளியில் படித்தவர். ஆபிரகாம் அதே ஊரில் பள்ளி ஒன்றில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தவர். தோட்டத்தில் இருக்கிற கதவு, ஜன்னல், கட்டில் அத்தனையும் அவர் கையில் செய்தவை. ஐந்து வருடமாக இருக்கிறார்கள். ஏன் போகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, வேலை அதிகமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று நானே காரணங்களையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் துணியைப் பிழிந்து கல்லில் போட்டார். “எனக்கு யார்மேலயும் கோவமில்லக்கா. ரொம்ப நல்ல எடம், நல்ல பீப்பிள். அவரு ஆசப்பட்டாருன்னு வந்தேன். ஆனா ஒரு நாள்கூட இது நான் கேட்ட எடமா இருந்ததில்ல.” டவுனில் ஒரு ஹாஸ்டலில் மேட்ரன் வேலை கிடைத்திருக்கிறது என்றும், ஆபிரகாம் மறுபேச்சுப் பேசாமல் தன்னுடன் கிளம்புகிறார் என்றும், அதுதான் தனக்குப் பாரமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

நான் எதிர்பார்த்த பதில் கிடைத்துவிட்டது. அதை வைத்து என் கணவரை மடக்கிவிடலாம். ஆனால் ஏனோ அன்று சாயங்காலம் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஸ்டெல்லாவும் ஆபிரகாமும் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை கோடை மழை பிடித்துக்கொண்டது. மதுரையில் மழை என்றால் கொஞ்சம் மண்வாசனை, கொஞ்சம் சாக்கடை, முடிந்தது. இங்கே மலையே வழிந்து ஓடுவதுபோல் இருந்தது. காலையில் குடிக்கத் தண்ணீர் வரவில்லை. மேலே சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து, சரிவின் விளிம்பில் கல் அடுக்கி வெட்டிய ஒரு வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. மழையில் ஒரு மரம் சாய்ந்து, மண் சரிந்து, வாய்க்காலை ஒரேயடியாக மூடிவிட்டது. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, நாற்றுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

எல்லோரும் மேலே ஏறினோம். ஸ்டெல்லாவையும் ஆபிரகாமையும் ஏற்றிப்போகப் பள்ளங்கியில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் பாட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆபிரகாம் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து ரம்பத்தை எடுத்தார். ஸ்டெல்லா, பயணத்துக்கென்று கட்டியிருந்த வெளிர்நீலச் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப்போனார்.

வரிசையாக நின்றோம். மண்ணை வெட்டி இரும்புச்சட்டியில் போட, அது கை மாறி மாறி வந்து சரிவில் கொட்டும். நான் ஸ்டெல்லாவுக்கு அடுத்து நின்றேன். எனக்கு அடுத்து என் கணவர். மரத்தை அறுக்கும் சத்தம் ஒரு தாளம்போல் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் கணவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு முறை சட்டி நழுவி அவர் காலில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, போய் உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் நின்றவர் மட்டும் அரையடி நெருங்கி நின்றுகொண்டார், அவ்வளவுதான். அவர் பாதி தூரம் நீட்டினால் போதும் என்று ஆயிற்று.

உச்சிப்பொழுது தாண்டி, அடைப்பு விட்டது. முதலில் சேறு, பிறகு செந்நிறம், பிறகு தெளிந்த தண்ணீர். ஸ்டெல்லா குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். நாளையிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர் அல்ல. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர்களை வழியனுப்பினார்கள். நான் கல்யாண வீடுகளையும் சாவு வீடுகளையும் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு விடைகொடுத்தலைப் பார்த்ததில்லை. மூட்டைகளை ஆளுக்கொன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு பள்ளங்கி வரை நடந்தார்கள். விதைப் பூண்டில் நல்லதாக ஒரு கொத்து, ஒரு தேன் பாட்டில், காய்ச்சின நெய். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. ஹாஸ்டல் அடுப்பு எப்படி, விறகா எண்ணெயா, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். ஜீப் கிளம்பும்போது ஆபிரகாம் அழுதார். ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போக நினைப்பவரை இப்படி அனுப்பத் தெரிந்தவர்கள் நடுவில் வந்து இருப்பதில் என்ன பயம் என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குத் திகைப்பாக இருந்தது.

கடைசி நாள் காலை பாக்கியம் அக்கா என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனார். என் கணவரை வேறு இருவர் காப்பிச்செடிகள் பக்கம் கூட்டிப்போயிருந்தார்கள். வருகிறீர்களா இல்லையா என்று கேட்கத்தான். அவர் சொல்வதுதான் அக்கா எனக்கும் என்று, நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அது எனக்கு வேணாம்மா” என்றார். “ஸ்டெல்லா வந்தப்போ நாங்க ஆபிரகாமத்தான் கேட்டோம். அந்தப் புள்ளையக் கேக்கல. அது எங்க தப்பு. அதுலருந்து தனித்தனியாத்தான் கேக்குறது. ஒங்களுக்கு எப்பிடி இருக்கு, அதச் சொல்லுங்க.”

கல்யாணம் யாரோ முடித்தார்கள். வேலைக்கு அப்பா மனுப்போட்டார். வீடு என் கணவர் பார்த்தார். எனக்கு எப்படி இருக்கிறது என்று தனியாக யாரும் கேட்டதாக நினைவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசித்தேன். லயத்தில் அத்தனை பேரோடு நெருக்கியடித்து வாழ்ந்துவிட்டு, மறுபடியும் இப்படிச் சேர்ந்து இருக்க எப்படி மனசு வந்தது என்று பாக்கியம் அக்காவிடமே திருப்பிக் கேட்டேன். அங்கே சேர்த்து வைத்தது தொரை, இங்கே நாங்களாகச் சேர்ந்தது, வேண்டாமென்றால் போகலாம் என்றார். நான் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். வருகிறேன் என்றும் சொன்னேன்.

என் கணவர் என்ன சொன்னார் என்று பாக்கியம் அக்காவுக்குச் சீக்கிரமே தெரிந்திருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் போக ஜீப் வேண்டாம், குதிரைக்காரரோடு சேர்ந்து பாலசமுத்திரத்துக்கு நடந்தே இறங்குங்கள் என்று மட்டும் சொன்னார். “பஸ்ஸுல போனா சத்தத்துல பேச முடியாது. பாதை நீளம், பேசிக்கிட்டே எறங்குங்க.”

பூண்டு மூட்டையோடு குதிரை முன்னால் போனது, குதிரைக்காரர் அதன் பக்கத்தில். சோலை முடிந்து புல்வெளி, அது முடிந்து முள்காடு என்று இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது என் கணவர், என்னைப் பார்க்காமல், சமவெளியைப் பார்த்துச் சொன்னார்.

“முடியாதுன்னு சொல்லிட்டேன் வசந்தா.”

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. ஒரு வருடமாக வீட்டில் இதைத் தவிர வேறு பேசாத மனிதர் அவர். காரணம் கேட்டேன். ஸ்டெல்லாவோடு ஆபிரகாம் ஜீப்பில் ஏறியதைப் பார்த்தாராம். சில வருடம் கழித்து ஸ்டெல்லாவின் இடத்தில் என்னைப் பார்க்க மனமில்லையாம். அது பாதிக் காரணம்தான் என்று எனக்குத் தெரிந்தது. காத்திருந்தேன்.

“என்னால அந்தச் சட்டியத் தூக்க முடியல” என்றார் பிறகு. “புஸ்தகத்துல படிச்சு ஆசப்பட்டுட்டேன். அங்க நான் எதுக்கு ஆவேன்னு தெரியல.”

குதிரை வெகுதூரம் போய்விட்டது, நடப்போம் என்றேன். பாலசமுத்திரம் வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தென்னந்தோப்பு ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பழனிக்குப் போகும் பஸ் வந்தது. அவர் எழவில்லை, நானும் எழவில்லை. பஸ் போன பிறகு, உனக்கு அங்கே என்ன பிடித்தது என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். தப்புச் சத்தத்தைப் பற்றி, தொழுவத்தைப் பற்றி, அவருக்குப் பக்கத்தில் அரையடி நெருங்கி நின்றவரைப் பற்றி. அப்படி ஒருவர் நெருங்கி நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. கடைசிக் கொஞ்ச நேரம் தன் கைக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இன்னொரு பஸ்ஸும் போனது.

இதை ஊற்றுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐப்பசி மழை. பேசிப் பார்த்த பிறகும் எங்கள் இரண்டு பதிலும் ஒத்துவரவில்லை என்று பாக்கியம் அக்காவுக்குத் தெரிவித்தபோது, ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கச் சொன்னார், அதற்கு மேல் இப்போது யோசிக்க வேண்டாம் என்றார். நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு வந்துவிட்டேன். மகள் இங்கேயே மற்றப் பிள்ளைகளோடு படிக்கிறாள், கால் முழுக்க அட்டைக்கடி. என் கணவர் மதுரையில் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் ஏறி வருகிறார். போன வாரம் பிள்ளைகளுக்குச் சமையல் சோடாவும் எலுமிச்சையும் வைத்து ஏதோ நுரை பொங்கச் செய்து காட்டினார். அவர்கள் அவரை விடவே இல்லை.

தை பிறந்ததும் எங்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்கள், தனித்தனியாகத்தான். என் பதில் எனக்குத் தெரியும். அவருடையது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அதை அவர் தேடிச் சொல்லட்டும்.